ஏழைப் பிள்ளைகளின் வாத்தியார்: அர்ச். ஸ்நாபக அருளப்பர் தெ லசால்

ஏப்ரல் மாதம் 7-ம் தேதி திருச்சபை அர்ச். ஸ்நாபக அருளப்பர் தெ லசால் என்பவரின் திருநாளைக் கொண்டாடுகிறது. நம்மில் பலருக்கு இவருடைய பெயர் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயராகத்தான் தெரியும். தூத்துக்குடியில் இவர் பெயரால் பள்ளி உண்டு. இலங்கையில் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்தாருக்கு இவருடைய சபைச் சகோதரர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அர்ச்சியசிஷ்டவர் செய்ததென்ன என்று கேட்டால், ஏழைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார் என்று சொல்லி நிறுத்திவிடுவோம். பள்ளிக்கூடம் வைத்தவர்கள் அவருக்கு முன்னும் அநேகர் இருந்தார்கள். சின்னப் பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிற வேலையை எவரும் ஒரு பொருட்டாக எண்ணாதிருந்த காலத்தில், அந்த வேலையையும் அதைச் செய்கிற வாத்தியாரையும் தம் ஆயுள் முழுவதற்கும் சொந்தமாக்கிக்கொண்டவர் இவர்.

பிரான்சு தேசத்தில் ரேம்ஸ் என்ற பட்டணம், அரசர்களுக்கு முடிசூட்டும் பேராலயம் இருந்த ஊர். அங்கே 1651-ம் வருடம் ஏப்ரல் 30-ம் தேதி, நீதிமன்ற அதிகாரியான ஒரு பெரிய மனிதருக்கு மூத்த மகனாக அருளப்பர் பிறந்தார். வீட்டில் செல்வத்துக்கும் பக்திக்கும் குறைவில்லை. பதினாறு வயது நிறையுமுன்பே பேராலயத்தின் கனோன் பதவி அவருக்குக் கிடைத்தது. பேராலயத்தில் சங்கீதங்களைச் சொல்லித் தேவ ஆராதனை நடத்துகிற குருக்கள் குழுவில் ஓர் இடம் அது. நல்ல வருமானமும் மரியாதையும் உள்ள இடம். பிறகு பாரிஸ் பட்டணத்துச் சான் சுல்பீஸ் குருமடத்தில் படிக்கப் போனார். 1671-ல் தாயார் இறந்தார். அடுத்த ஏப்ரலில் தகப்பனாரும் இறந்தார். இருபத்தொரு வயது நிரம்பும் தறுவாயில் இருந்த அருளப்பர், தம்பி தங்கைகளைப் பார்க்கவேண்டி ஊருக்குத் திரும்பினார். 1678-ம் வருடம் பெரிய சனிக்கிழமையன்று குருப்பட்டம் பெற்றார்.

இதுவரைக்கும் பள்ளிக்கூடம் என்ற நினைவே அவருக்கு இல்லை. அவருடைய ஆத்தும குருவான ரோலான் சுவாமியார் பெண்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஒரு கன்னியர் சபையை ஏற்படுத்தியிருந்தார். அவர் சாகும்போது அந்தச் சபையின் காரியங்களை நம் அருளப்பரிடம் ஒப்புவித்துப் போனார். 1679-ம் வருடம் அந்தக் கன்னியர் மடத்து வாசலில் ரூவான் நகரத்திலிருந்து வந்த ஒரு மனிதரை அவர் சந்தித்தார். அவர் பெயர் அத்ரியான் நியேல். குருவானவர் அல்ல. ஏழை ஆண்பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று புறப்பட்டு வந்த ஓர் உபாத்தியாயர். ஊர்க்காரர் சந்தேகப்பட்டுத் தடுக்காதபடி, ஒரு பங்குக் குருவானவரின் பாதுகாப்பில் அர்ச். மொரீஸ் பங்கிலே முதல் பள்ளியைத் திறக்க அருளப்பர் வழிசெய்து கொடுத்தார். அவ்வளவோடு தம் பங்கு முடிந்ததென்றே அவர் எண்ணினார்.

முடியவில்லை. நியேல் நல்லவர், ஆனால் ஓரிடத்தில் நிற்காதவர். ஒரு பள்ளியைத் திறந்ததும் இன்னொரு பள்ளியைத் திறக்க ஓடுவார். அவர் கூட்டிவந்த வாத்தியார்களோ அற்பச் சம்பளத்துக்கு வந்தவர்கள். அவர்களில் சிலருக்குத் தங்களுக்கே சரளமாய் வாசிக்க வரவில்லை. அவர்களைக் கவனிக்கவும் திருத்தவும் ஆளில்லை. கட்டடம் எழும்பிப் பிள்ளைகள் வந்து நிறைந்தபின், உள்ளே பாடம் நடக்கிறதா என்று பார்க்க ஒருவருமில்லாதிருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ரேம்ஸ் பட்டணத்திலும் ஆகத் தொடங்கிற்று.

அருளப்பர் முதலில் அந்த வாத்தியார்களுக்குத் தம் வீட்டருகில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். அடுத்தபடி தம் வீட்டுப் பந்தியில் சாப்பிட அழைத்தார். 1681-ம் வருடம் ஜூன் 24-ந் தேதி, தம்முடைய பெயர்கொண்ட ஸ்நாபகர் திருநாளன்று, அவர்களைத் தம் வீட்டிலேயே குடிவைத்துக்கொண்டார். சுற்றத்தார் கொதித்தார்கள். கனோன் பதவியிலுள்ள ஒரு கனவான் கூலிக்குப் பாடஞ் சொல்லும் ஆட்களோடு ஒரே மேசையில் உட்காருவதா என்று சண்டை பிடித்து, தம்பிமாரையும் அந்த வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். பின்னாளில் அருளப்பரே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்: பள்ளிக்கூட வாத்தியார்களைத் தம்முடைய வேலைக்காரனுக்கும் கீழாகவே தாம் அப்போது மதித்ததாகவும், அவர்களோடு வாழும்படி வருமென்று முதலிலே தெரிந்திருந்தால் அந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டார் என்றும். இதை நாம் கவனிக்க வேண்டும். அவர் பிறவியிலேயே அரிச்சுவடி மேல் ஆசை வைத்தவரல்ல. ஒவ்வோர் அடியாக இழுக்கப்பட்டவர்.

ஒரு நாள் வாத்தியார்கள் தங்கள் முதுமையை நினைத்துக் கவலைப்பட்டார்கள். தேவ பராமரிப்பை நம்பும்படி அருளப்பர் அவர்களுக்குப் புத்தி சொன்னார். அவர்கள் கொடுத்த பதில் சுருக்கென்று தைத்தது. பதவியும் ஆஸ்தியும் உள்ள அவர் அப்படிப் பேசுவது எளிது, பள்ளி மூடினால் தெருவில் நிற்கப்போவது தாங்கள்தான் என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாரிஸ் பட்டணத்திலிருந்த மினிம் சபைக் குருவாகிய பாரே சுவாமியாரிடம் அருளப்பர் ஆலோசனை கேட்டார். எல்லாவற்றையும் விட்டுவிடும்படி அவரும் சொன்னார். 1683-ல் கனோன் பதவியைத் துறந்தார். அதைத் தம் தம்பிக்குக் கொடுக்கும்படி வற்புறுத்தியும் கேளாமல் ஓர் ஏழைக் குருவானவருக்குக் கொடுத்தார். 1684-ம் வருடத்தையொட்டிக் கொடிய பஞ்சம் வந்தபோது தம் சொத்தை விற்று ஏழைகளுக்கு அப்பமாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்கே மூலதனமாக வைத்திருக்கலாமே என்று அப்போதே பலர் கேட்டார்கள். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது சரியான கேள்விதான். ஆனால் வாத்தியார்களைப்போல் தாமும் நாளைக்கு என்ற நிச்சயமில்லாதவராகிறதே தேவை என்று அவர் கண்டார். அதற்குப் பின் அவர்கள் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாத்தியார்கள்தான் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர் என்ற சபையாரானார்கள்.

இனிப் பாடத்துக்கு வருவோம். அக்காலத்துச் சிறு பள்ளிகளில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியார் ஒவ்வொருவனாகத் தம் மேசைக்குக் கூப்பிட்டுப் பாடங் கேட்பார். ஒருவன் வாசிக்கும்போது மற்றவர்களுக்கு வேலையில்லை. நாள் முழுதும் பள்ளியில் இருந்த பிள்ளை உண்மையில் வாசித்தது சில நிமிஷங்கள்தான். அது மட்டுமல்ல. முதலில் கையில் கொடுப்பது இலத்தீன் புத்தகம். பிரஞ்சு பேசுகிற குயவன் மகனும் தச்சன் மகனும் அர்த்தம் தெரியாத இலத்தீனில்தான் எழுத்துக்கூட்டப் பழகினார்கள். அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். இலத்தீனில் எழுதியிருக்கிற எழுத்தெல்லாம் வாயில் வரும். பிரஞ்சிலோ எழுதுவது ஒன்று, சொல்லுவது ஒன்று. வார்த்தையின் கடைசியில் நிற்கிற எழுத்துக்கள் பல ஊமையாய்ப் போகும். ஆகையால் இலத்தீனே பிள்ளைக்குச் சுலபம் என்றார்கள். கேட்பதற்குப் பொருத்தமான நியாயம்தான்.

அருளப்பர் வகுப்பறையில் நின்று பார்த்தவர். அவர் பார்த்தது வேறு. ஏழைப் பிள்ளை பள்ளியில் இருப்பது கொஞ்ச காலம். கைக்கு வலு வந்ததும் தகப்பன் வேலைக்குக் கூட்டிப்போவான். இலத்தீனில் தொடங்கினவன் அதற்குள் இலத்தீனையும் முடிக்கமாட்டான், பிரஞ்சையும் தொடமாட்டான்; ஒன்றையும் வாசிக்கத் தெரியாதவனாகவே வெளியேறுவான். தான் பேசுகிற பாஷையில் தொடங்கினவனுக்கோ, பாதி எழுத்தைக் கூட்டும்போதே வார்த்தை எதுவென்று தெரிந்துவிடும். காது அறிந்த வார்த்தையைக் கண் கண்டுபிடிக்கிறது. நாலு மாதம் குறைந்துபோனாலும் அவன் ஞானோபதேசப் புத்தகத்தையாவது வாசிப்பான். பிரஞ்சு நன்றாய் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இலத்தீன் பிற்பாடு எளிதில் வரும். சார்த்ர் நகர மேற்றிராணியார் அவருடைய பழைய குருமடத் தோழர். அவர் பழைய வழக்கப்படி இலத்தீனையே முதலில் வைக்க விரும்பினார். நண்பராயிற்றே, ஆதரவு தருகிற மேற்றிராணியாராயிற்றே என்று அருளப்பர் இசைந்துவிடவில்லை. தம் காரணங்களையெல்லாம் மரியாதையோடு எடுத்துச் சொன்னார். அவருடைய பள்ளிகளில் இலத்தீன் சங்கீதப் புத்தகம் பிரஞ்சு வாசிப்புக்குப் பின்னால்தான் வந்தது. நம் ஊரில் இலத்தீன் பூசை நடந்த காலத்தில் பெரியவர்கள் செபங்களைக் காதால் கேட்டே பிழையில்லாமல் சொன்னார்களே, அது வேறு. கேட்டுச் சொல்வது மனப்பாடம். வாசிப்பது புதிய பக்கத்தைத் தானே திறப்பது.

தாய்மொழியில் தொடங்க வேண்டும் என்பதை 1953-ம் வருடம் யுனெஸ்கோ நிறுவனம் உலகத்துக்கெல்லாம் சிபாரிசு செய்தது. அருளப்பர் அதை இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே தம் பள்ளிகளில் நடத்திக் காட்டியிருந்தார்.

பாடத்தை அவர் எப்படி ஒழுங்குபண்ணினார் என்பதைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாய் வாசித்தால் நல்லது. வாசிப்பை ஒன்பது படிகளாக வகுத்தார். சுவரில் ஓர் எழுத்து அட்டை. அதில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இருக்கும். அது முதற்படி. அடுத்தது, இரண்டு மூன்று எழுத்துக்கள் சேர்ந்து ஓர் ஓசையாகிற அசைகளின் அட்டை. மூன்றாவது அசைகள் நிறைந்த ஒரு சிறு புத்தகம். அதன்பின்தான் வார்த்தையும் வாக்கியமும் உள்ள புத்தகங்கள். முதலில் எழுத்துக்கூட்டி, பிறகு அசை அசையாய், அப்புறம் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திச் சரளமாய். ஏழாவது இலத்தீன் சங்கீதங்கள். எட்டாவது நல்லொழுக்கப் புத்தகம். ஒன்பதாவது கையால் எழுதின பத்திரங்களும் கடிதங்களும். கடைசிப் படியைக் கவனியுங்கள். கூலிக்காரன் மகன் நாளைக்கு ஒரு கடன் சீட்டை ஏமாறாமல் வாசிக்க வேண்டும் என்பது அதிலே இருக்கிறது. வாசிப்பு நன்றாக வந்த பிறகே எழுதுகோல்.

ஒரே படியில் உள்ளவர்கள் ஒரே வரிசையில் உட்காருவார்கள். எல்லார் கையிலும் ஒரே புத்தகம். ஒருவன் உரக்க வாசிக்க, மற்றவர்கள் மெதுவாய்த் தொடர்ந்து வருவார்கள். எந்த நிமிஷத்தில் யார் பெயர் வருமென்று தெரியாது. ஆகையால் கண் விலகாது. வாத்தியார் அதிகம் பேசக்கூடாது. கையில் தட்டி ஓசையெழுப்புகிற ஒரு சிறு கருவி. பிழை வந்தால் ஒரு தட்டு. வாசிக்கிறவன் தானே திரும்பிப் பார்த்துத் திருத்த வேண்டும். அவனால் ஆகாவிட்டால் இன்னொருவன் சொல்லுவான். மாதம் ஒருமுறை பள்ளி அதிபர் ஒவ்வொருவனையும் சோதித்துப் பார்த்து, தேறினவனை மட்டும் அடுத்த படிக்கு ஏற்றுவார். வயதாயிற்று என்றோ தகப்பன் கெஞ்சுகிறான் என்றோ ஏற்றுவது கிடையாது. பிள்ளைகள் பசியோடு எழுத்துப் படிக்க முடியாதென்று காலை ஆகாரத்தையும் பள்ளியிலேயே சாப்பிடச் செய்தார்கள். அப்பம் உள்ளவர்கள் மிச்சத்தைக் கூடையில் போட, இல்லாதவர்களுக்குப் பகிரப்பட்டது. பள்ளிக்கு வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்பதற்கும் கணக்கு இருந்தது. தர்மம் வாங்குகிற பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அவர்களுக்கு உதவியை நிறுத்திவைக்கும்படி பங்குக் குருவானவரைக் கேட்கவும் ஏற்பாடு செய்திருந்தார். இது கொஞ்சம் கடுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுவது நியாயம். நமக்குத் தமிழில் எழுத்தின் பெயரும் ஓசையும் ஒன்றே. ‘க’ என்று எழுதினால் ‘க’ என்றே சொல்கிறோம். பிரஞ்சில் அப்படியல்ல. ‘பே’ என்றும் ‘ஆ’ என்றும் இரண்டு எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அவை சேர்ந்தால் ‘பா’ என்று பிள்ளை கண்டுகொள்ள வேண்டும். எழுத்தின் பெயரை விட்டு ஓசையை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்று போர் ராயல் என்ற இடத்துப் பண்டிதர்கள் 1660-லேயே ஓர் இலக்கண நூலில் எழுதியிருந்தார்கள். அருளப்பரின் பள்ளிகள் அந்த வழியைக் கைக்கொள்ளாமல், பெயர் சொல்லிக் கூட்டுகிற பழைய வழியிலேயே நின்றன. ஓசையிலிருந்து ஒழுங்காய்த் தொடங்கும் வழியே மேல் என்று 2006-ல் இங்கிலாந்து அரசாங்கம் கேட்டு வாங்கிய ஓர் அறிக்கையும் சொன்னது. ஆனால் அசைகளை வரிசையாக வைத்ததும், ஒரு படி தேறாமல் அடுத்ததற்கு விடாததும், எல்லாரும் எந்நேரமும் வாசிக்கச் செய்ததும் அருளப்பரின் சகோதரர்கள் வகுப்பில் செய்து பார்த்துக் கண்ட காரியங்கள்.

நல்ல வழி தெரிந்தால் மட்டும் போதாது, அதை நடத்த ஆள் வேண்டும். கிராமத்துப் பங்குச் சாமியார்கள் தங்கள் பள்ளிக்கு ஒரு சகோதரரை அனுப்பும்படி கேட்டார்கள். சகோதரரைத் தனியே அனுப்புவதில்லை என்பது சபையின் தீர்மானம். அதற்குப் பதில், கிராமத்து வாலிபர்களை ரேம்ஸ் பட்டணத்துக்கு வரவழைத்து, வாசிப்பும் எழுத்தும் கோவில் பாட்டும் கற்பித்து, வாத்தியாராக்கித் திருப்பியனுப்ப 1680-களில் ஒரு பயிற்சி வீட்டைத் திறந்தார். பின்பு பாரிஸ் பட்டணத்திலும் அதேபோல் ஒன்று, பழகிப் பார்க்க ஒரு பள்ளியோடு சேர்த்து நடத்தினார். இரண்டும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. சபைக்குள் புதிதாய் வருகிறவர்களைப் பழக்கவும் ஒரு மூத்த சகோதரரை நியமித்தார். புதிய வாத்தியாரிடமிருந்து முதலில் நீக்க வேண்டிய குறைகளை எழுதிவைத்ததில், ஓயாமல் பேசும் ஆசையும் பதற்றமும் கோபமும் இருக்கின்றன.

1688-ல் பாரிஸ் பட்டணத்துக்கு அழைக்கப்பட்டுப் போனார். அங்கேதான் சோதனை. கட்டணம் வாங்கிப் பிழைத்த சிறு பள்ளி வாத்தியார்களும், எழுத்துக் கற்பிக்கும் உரிமை தங்கள் சங்கத்துக்கே உண்டென்ற எழுத்தாசிரியர்களும் வழக்குமேல் வழக்குத் தொடுத்தார்கள். இலவசப் பள்ளி என்றால் பிச்சைக்காரர் பட்டியலில் உள்ள பிள்ளைகள் மட்டுமே வரலாம் என்பது அவர்கள் கட்சி. அருளப்பரோ வாசலில் யாரையும் ஏழையா என்று கேட்பதில்லை. 1704-ல் பள்ளிச் சாமான்களைப் பறிமுதல் செய்தார்கள். அபராதமும் விழுந்தது. 1706-ல் மேல் நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதே வருடங்களில் சபைக்குள்ளும் பிரிவினை, சகோதரர் சிலர் விட்டுப்போதல், மேலிடத்தில் அவரைத் தலைமையிலிருந்து நீக்க முயற்சி. 1705-ல் ரூவான் நகரத்துக்கு அருகே சான் யோன் என்ற வீடு கிடைத்து, சபைக்கு ஒதுங்க ஓர் இடமுண்டாயிற்று.

1712-ல் தாமே தடையாக இருக்கிறாரோ என்ற கலக்கத்தோடு தெற்கே போனார். கிரனோபிள் நகரத்தில் தங்கியிருக்கையில், அங்கிருந்த சகோதரர் ஒருவர் பிரயாணம் போக நேரிட்டது. அவருக்குப் பதிலாக அருளப்பரே வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அறுபது வயது தாண்டியவர், தேவசாஸ்திரப் பண்டிதர் பட்டம் பெற்றவர், சபையை ஏற்படுத்தியவர். சிறுவர்களைப் பூசைக்கும் தாமே வரிசையாய் அழைத்துக்கொண்டு போனார். 1714 ஏப்ரலில் பாரிஸ் பட்டணத்துச் சகோதரர்கள் கூடி, அவர் கொடுத்திருந்த கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டையே ஞாபகப்படுத்தித் திரும்பிவரும்படி கட்டளையாக எழுதினார்கள். அவரும் கீழ்ப்படிந்து வந்து சேர்ந்தார். 1717-ல் சகோதரர் பார்த்தலோமேயு என்பவரைத் தலைவராகத் தெரிந்துகொள்ளச் செய்து, தாம் சாதாரண உறுப்பினராகச் சான் யோன் வீட்டில் இருந்தார். 1719-ம் வருடம் ஏப்ரல் 7-ம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது சகோதரர்கள் சுமார் நூறு பேர்.

13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1900-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். 12-ம் பத்திநாதர் 1950-ல் அவரை உபாத்தியாயர்களுக்கெல்லாம் பாதுகாவலராக நியமித்தார்.

வகுப்பு நடத்தும் முறைகளை அவர் சகோதரர்களோடு கூடிப் பேசி, பள்ளியில் செய்து பார்த்து, உதவாததை நீக்கி, பலமுறை திருத்தி ஒரு கையெழுத்துப் புத்தகமாக வைத்திருந்தார். 1706-ல் எழுதப்பட்ட பிரதி ஒன்று இன்றும் இருக்கிறது. அவர் இறந்த மறுவருடம், 1720-ல், அது அவிஞோன் நகரத்தில் அச்சாயிற்று. எழுத்து அட்டையை எப்படிக் காட்டுவது, அசையை எப்படித் தெளிவாய்ச் சொல்லவைப்பது, எங்கே நிறுத்திப் பிழையைத் திருத்துவது என்பதற்கெல்லாம் அதில் நெடிய அத்தியாயம் ஒன்று உண்டு. புதிதாய் வந்த சகோதரர்கள் அதைப் படித்துத்தான் வகுப்புக்குள் நுழைந்தார்கள்.